அவன் தண்ணீர் குடிக்கும் வரை

கப்பல் உடைந்து, ஆளில்லாத தீவில் தனியாக ஒதுங்கிய ஒருவனைப் பற்றிய பழைய ஆங்கில நாவல் அது. அதை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் துணைப்பாட நூலாகச் சுருக்கித் தமிழில் எழுதித் தர முடியுமா என்று சென்னையிலிருந்து ஒரு பதிப்பகத்தார் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். எண்பது பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. நடை எளிதாக இருக்க வேண்டும். பிள்ளைகள் பயப்படும்படி எதுவும் வேண்டாம். என் பெயரை அவர்களிடம் யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கிலமும் தமிழும் நடத்திக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அறுபதுகளின் கடைசி. பங்குனியில் கடிதம் வந்தது. பள்ளி திறப்பதற்குள் கையெழுத்துப் பிரதி போய்ச் சேர வேண்டும். கோடை விடுமுறை முழுவதும் இருக்கிறதே என்று ஒப்புக்கொண்டேன்.

என் கணவருக்குத் தேவகோட்டையில் உரக்கடை. காலை பஸ்ஸில் போனால் பொழுது சாயத்தான் வருவார். பகலில் வீட்டில் மூன்று பேர்: நான், ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த எங்கள் ஒரே மகள், என் கணவரின் அக்கா. நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். நாச்சியாபுரத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, கணவர் இறந்தபின் எங்களோடு வந்துவிட்டவர். பிள்ளை இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. ஆனால் வீட்டில் உப்பு வாங்குவதிலிருந்து விசேஷத்துக்கு அழைக்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதுவரை அவர் சொன்னதுதான்.

மூல நூலில் கரை ஒதுங்கிய அன்று மாலையே அந்த மனிதனுக்குத் தண்ணீர் கிடைத்துவிடுகிறது. ஒரே வரியில் அது முடிந்துபோகிறது. எனக்கு அது போதாது என்று பட்டது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் கடலைப் பார்த்ததில்லை. புயலென்றால், கப்பலென்றால், பாய்மரம் முறிவதென்றால் அவர்களுக்கு எட்டுமா? தாகம் எட்டும். கண்மாய் வெடித்துக் கிடக்கும் கோடையில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்த பிள்ளைகளுக்குத் தாகத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவே அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, அவனை மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் அலையவிட்டேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கடல்நீரைக் குடித்து வாந்தி எடுத்தான். இலைகளைப் பறித்து மென்றான். எழுத எழுத எனக்கே நன்றாக வருகிறது என்று தோன்றியது. பிள்ளைகள் பயப்படக் கூடாது என்ற நிபந்தனை நினைவில் இருந்தது. இது பயமில்லை, உணர்ச்சி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எழுதியதை அன்றன்று மத்தியானம் மகளுக்கு வாசித்துக் காட்டுவேன். ஆறாம் வகுப்புக்குப் போகப் போகிறவள்; அவளுக்குப் புரிந்தால் எல்லோருக்கும் புரியும் என்று கணக்கு. பூக்கல் பதித்த தரையில் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்பாள். சந்தேகம் வந்தால் உடனே நிறுத்துவாள். "அவன் சட்டைப் பையில கத்தி இருந்துச்சுன்னியே, நீந்துறப்ப அது விழுகாதா?" போய்த் திருத்துவேன். நல்ல ஆசிரியர் அவள்.

முதல் வாரத்தின் கடைசியில் நான் நிறுத்திய இடம், மூன்றாம் நாள் உச்சிவெயிலில் அவன் மணலில் விழுந்து கிடப்பது. உதடு வெடித்துவிட்டது. எழ முடியவில்லை. அத்தோடு தாள் முடிந்தது.

"அப்புறம்?" என்றாள்.

"இன்னும் எழுதலையே."

"எழுதலேன்னா?"

"எழுதலேன்னா இன்னும் நடக்கலேன்னு அர்த்தம். நான் எழுதுற வரைக்கும் அவன் அங்கயே கெடப்பான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அடுத்த நாள் ஆவலோடு வந்து உட்காருவாள் என்ற எண்ணத்தில் சொன்னது. அவள் சிரிக்கவில்லை என்பது அப்போது என் கண்ணில் படவில்லை.

மறுநாள் காலை அவளுக்கு உடம்பு கொதித்தது. அதற்கடுத்த நாள் நெற்றியிலும் கழுத்திலும் முத்து முத்தாகத் தெரிந்தது. மதினி பார்த்த மாத்திரத்தில் கைகூப்பினார். அந்த நிமிடத்திலிருந்து அவள் எங்கள் மகள் இல்லை, ஆத்தா. நிலைப்படியில் வேப்பங்குழை ஏறியது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது, கவிச்சி கூடாது. வீட்டிலிருந்து எந்தச் சாமானும் வெளியே போகக் கூடாது. கணவர் சவரம் செய்யக் கூடாது. கூடத்தில் வேப்பிலையைப் பரப்பி, மேலே பழைய வேட்டியை விரித்து அவளைக் கிடத்தினோம். மதினி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, தாயி என்று மட்டும் கூப்பிட்டார்.

பிறகு என் மேசையைப் பார்த்தார். அந்தக் கதையில் கப்பலோடு முழுகிச் செத்தவர்கள் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும்; நான் வாசிக்கும்போது அடுக்களையிலிருந்து கேட்டிருக்கிறார். ஆத்தா இருக்கிற இடத்தில் செத்தவர்கள் கதை இருக்கலாமா என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தாள்களைக் கட்டி, ஏணி போட்டு ஏறிப் பரணில் வைத்துவிட்டார். படித்த எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் தடுக்கவில்லை. உள்ளூர எனக்கும் அது அங்கே இருக்க வேண்டாம் என்றுதான் இருந்தது.

டாக்டர் வந்தார். பெரியம்மை இல்லை, சின்னம்மைதான். ஆனால் வாய்க்குள்ளும் தொண்டையிலும் நிறையப் போட்டிருக்கிறது என்றார். பயப்பட வேண்டாம், தண்ணீராக எதையாவது கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் குடிக்கவில்லை.

தொண்டை வலி, அதனால்தான் என்று முதல் நாள் நினைத்தோம். இளநீர் கொண்டுவந்தார் கணவர். உதட்டை இறுக மூடிக்கொண்டாள். நுங்குத் தண்ணீர், கூழ், மோர், எங்கள் ஊர்ச் சம்பை ஊற்றின் நல்ல தண்ணீர், எதற்கும் வாய் திறக்கவில்லை. கரண்டியால் ஊற்றினால் கடைவாய் வழியாக வழிந்தது. வலிக்கிற பிள்ளை அழும், தட்டிவிடும். இவள் அப்படிச் செய்யவில்லை. எதையோ முடிவு செய்துவிட்டவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மதினி குற்றம் தேட ஆரம்பித்தார். பக்கத்து வீட்டில் யாரோ மீன் பொரித்திருக்கிறார்கள். அந்த வாடை வந்துவிட்டது. தம்பி கடையிலிருந்து கழுவாத கையோடு உள்ளே வந்திருக்கிறான். இல்லாவிட்டால் நான் தீட்டு நாளை மறைத்திருக்கிறேன். அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னேன். கோபப்படக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

மூன்றாம் நாள் காலையில் அவள் அழுதாள். கண்ணீர் வரவில்லை. முகம் மட்டும் அழுதது. அதைப் பார்த்த என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். டாக்டர் மறுபடி வந்து, அவள் கைத்தோலை இரண்டு விரலால் பிடித்து இழுத்துவிட்டுப் பார்த்தார். இழுத்த தோல் அப்படியே நின்றது. சாயங்காலம் நான்கு மணிக்குள் தண்ணீர் உள்ளே இறங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டியதுதான், தாமதிக்காதீர்கள் என்று சொன்னார். அவர் குரல் மாறியிருந்தது. அம்மை இறங்காத பிள்ளையை நிலைப்படி தாண்டித் தூக்கக் கூடாது என்றார் மதினி. என் கணவர் யார் முகத்தையும் பார்க்காமல் மாலைக்கு வாடகைக் கார் சொல்லிவரப் போனார்.

மணி பதினொன்று இருக்கும். நான் அவள் பக்கத்தில் வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டிருந்தேன். மதினி காலடியில் உட்கார்ந்திருந்தார். அவள் கண்ணைத் திறந்தாள். குரல் ஓலை உரசுவது போல வந்தது.

"அவனுக்குத் தண்ணி கெடச்சுச்சா?"

"யாருக்கும்மா?"

"அந்த ஆளுக்கு."

எனக்கு விளங்க ஒரு நொடி ஆயிற்று. "கெடச்சுருச்சு. வயிறு நெறையாக் குடிச்சான். நீயும் குடி" என்றேன்.

என்னைப் பார்த்தாள். பத்து வயதுப் பிள்ளையின் பார்வை இல்லை அது. "நீ எழுதவே இல்ல. அத்தை பரண்ல வச்சுட்டாக."

மதினி என்னவென்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்: நான் அவனைத் தாகத்தில் போட்டது, எழுதும்வரை அங்கேயே கிடப்பான் என்று சொன்னது. சொல்லி முடித்ததும் அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து போய் ஏணியை எடுத்துச் சுவரில் சாத்தினார். தாள்கட்டை இறக்கி, தூசி தட்டி, என் மடியில் வைத்தார்.

"எழுதுத்தா."

"மதினி, அது காய்ச்சல்ல பேசுது."

"காய்ச்சலோ என்னமோ. கேட்டது ஆரு? ஆத்தா கேட்டு இல்லைங்கக் கூடாது. எழுது."

பேனா எங்கே என்று தேடினேன். மேசையிலேயே இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து, நின்றுபோன வரிக்குக் கீழே அவசரமாக எழுதினேன்: 'அப்போது அவன் ஒரு சுனையைக் கண்டான். வயிறாரத் தண்ணீர் குடித்தான்.' உரக்க வாசித்தேன். டம்ளரை உதட்டருகே கொண்டுபோனேன். முகம் திரும்பிக்கொண்டது.

"சுனை எங்குட்டு இருந்துச்சு?"

"பாறைக்குப் பின்னாடி."

"அப்ப மூணு நாளா ஏன் பாக்கல?"

எத்தனையோ வருஷம் கட்டுரை திருத்தியவள் நான். காரணம் இல்லாமல் எதையும் நடக்கவிடாதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சிவப்பு மையில் எழுதியவள்.

"அதானே" என்றார் மதினி. "மூணு நாளா அவன் கண்ணை எங்க வச்சிருந்தான்? நீ பொய்யி எழுதுனா அதுக்குத் தெரியாதா?"

அந்த இரண்டு வரியையும் அடித்தேன். அதற்குள் வெயில் முற்றத்துக்கு வந்துவிட்டது. ஒரு மனிதன் மணலில் கிடக்கிறான், எழ முடியாதவன், சுற்றிலும் உப்புத் தண்ணீர். அவனுக்கு எங்கிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவருவேன்? மூல நூலில் பதில் இல்லை. அங்கே அவன் இந்த இடத்துக்கு வந்ததே இல்லை. அவனை இங்கே கொண்டுவந்து போட்டவள் நான்.

மதினியைக் கேட்டேன். "மதினி, மணல்ல ஊத்துத் தோண்டுவீகளே. எப்பிடித் தோண்டுவீக?"

அவர் யோசிக்கவே இல்லை. விடிகாலையில் எந்த இடத்து மணல் கறுத்து ஈரம் காட்டுகிறதோ அங்கே தோண்ட வேண்டும். கோரை முளைத்திருந்தால் இன்னும் நல்லது. ஒடுக்கமாகத் தோண்டினால் கரை சரிந்து மூடிக்கொள்ளும். அகலமாக ஆரம்பித்துப் போகப் போக ஒடுக்க வேண்டும். மண்வெட்டி வேண்டாம், தேங்காய்ச் சிரட்டை போதும். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதிய வரியை உடனே வாசித்தேன். சொல்வது, எழுதுவது, வாசிப்பது மூன்றும் ஒரே மூச்சில் நடந்தன. அவன் கையை ஊன்றி நகர்ந்தான். கோரைப் புல் கண்ணில் பட்டது. மூன்று நாளும் அது கண்ணில் பட்டதுதான். ஆனால் பிள்ளைப் பருவத்தில் தன் ஊர் ஆற்றில் யாரோ அதனடியில் தோண்டியது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. கரையில் ஒதுங்கிக் கிடந்த சிரட்டையை எடுத்தான். ஒரு முழம். மணல் சரிந்தது. மறுபடி தோண்டினான். இரண்டு முழத்தில் மணல் குளிர்ந்தது.

மகளின் கண் முழுதாகத் திறந்திருந்தது. என் பேனா முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி ஊறுது" என்று வாசித்தேன்.

"கலங்கலா இருக்குமே."

"ஆமா. கலங்கலா இருக்கு."

"எறைச்சானா?"

"எறைக்கிறான்."

"எத்தனை தரம்?"

நான் மதினியைப் பார்த்தேன். "மூணு தரம்" என்றார் அவர். "அப்புறம் கையை விடப்படாது. சும்மா ஒக்காந்திருக்கணும். அவசரப்பட்டு மோந்தா மறுபடி கலங்கிரும்."

மூன்று தரம் இறைத்தான் என்று எழுதினேன். பிறகு, அவன் காத்திருந்தான் என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத எதுவும் இல்லை. பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிற்று. எங்கோ அம்மியில் அரைக்கிற சத்தம். நான்கு மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கடிகாரத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. தெளிந்துவிட்டது என்று ஒரு சொல் எழுதினால் முடிந்துபோகும். எழுத முடியவில்லை. அங்கே நிஜமாகவே ஒரு குழி இருந்தது. அதில் நிஜமாகவே மணல் அடியில் தங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கோயிலில்கூட அப்படி ஓர் அமைதி வாய்த்ததில்லை.

"இப்பத் தெளிஞ்சிருக்கும்" என்றாள் அவள்.

'தண்ணீர் தெளிந்தது' என்று எழுதினேன். 'அவன் சிரட்டையை மெல்ல முக்கி எடுத்தான். குடித்தான்.'

மதினி எப்போது எழுந்து போனார் என்று தெரியாது. திரும்பி வந்தபோது அவர் கையில் டம்ளர் இல்லை. அடுக்களையிலிருந்து ஒரு சிரட்டையைக் கழுவி, அதில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். உதட்டில் வைத்தார். உதடு பிரிந்தது. ஒரு மடக்கு உள்ளே போயிற்று. வலியில் கழுத்து நரம்பு புடைத்தது.

"அவன் இன்னுங் குடிக்கிறானா?"

"குடிக்கிறான்."

"எழுது."

எழுதினேன். இன்னொரு மடக்கு. மறுபடி எழுதினேன். அந்தத் தாளில் 'குடித்தான்' என்ற சொல் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு தடவை இருக்கிறது. ஏழாவது மையில் இல்லை, வெறும் கீறல்தான். பேனாவில் மை தீர்ந்துவிட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. தூங்கிப்போயிருந்தாள்.

மூன்றரைக்குக் கார் வந்து நின்றது. என் கணவர் உள்ளே வந்து பார்த்தபோது மதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரட்டையை மடியில் வைத்திருந்தார். தண்ணீர் குடித்துவிட்டாள் என்று சொன்னேன். எப்படி என்று கேட்டார். என்ன சொல்வது? ஊற்றுத் தோண்டினோம் என்றேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். டாக்டர் வந்து, நாக்கைப் பார்த்து, காரை அனுப்பிவிடலாம் என்றார்.

அதற்குப் பின் ஐந்து நாள். காலையில் ஒரு பக்கம், மத்தியானம் ஒரு பக்கம், பொழுது இறங்கும்போது ஒரு பக்கம். அவன் குடித்தால் அவள் குடித்தாள். மதினிக்கு இந்த ஏற்பாடு பிடிபட்டுவிட்டது. இன்றைக்கு இளநீர் கொடுக்கலாம் என்று தோன்றினால், "அவனை எளநி வெட்டச் சொல்லு" என்பார். கூழ் கொடுக்க வேண்டுமென்றால் தீவில் தானியம் விளைந்தாக வேண்டும். மூல நூலில் அதற்குப் பல மாதம் ஆகும். நான் கப்பல் உடைசலிலிருந்து ஒரு மூட்டைக் கேழ்வரகைக் கரை ஒதுங்கவிட்டேன்.

மூலத்தில் அவன் ஆடு சுட்டுத் தின்கிற இடம் வந்தது. மதினி கையை நீட்டித் தடுத்துவிட்டார். ஆத்தா இறங்குகிறவரை அவனும் கவிச்சி தொடக் கூடாதாம். மீனும் கூடாது. அடுப்பில் எண்ணெய் வைக்கிறானா என்று கேட்டார். அங்கே ஏது எண்ணெய் மதினி என்றேன்.

"சவரம்?"

"சவரக்கத்தியே இல்ல மதினி. தாடி மண்டிக் கெடக்கு."

"அப்பச் சரி. வெவரம் தெரிஞ்ச ஆளுதான்" என்றார். மகள் சிரித்தாள். அம்மை போட்டபின் முதல் சிரிப்பு. வாய்ப்புண் வலித்து உடனே முகம் சுளித்தாள்.

மதினி சாமி கும்பிடுவதும் நான் எழுதுவதும் அந்த நாட்களில் ஒரே காரியமாகிவிட்டன. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்லவில்லை. டாக்டரைக் கேட்டால் காய்ச்சல் வேகத்தில் பிள்ளை மனம் ஒன்றைப் பிடித்துக்கொண்டது என்பார். அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் பிடித்துக்கொண்டது எதை? நான் காகிதத்தில் கிறுக்கிய ஒருவனை. அவன் குடிக்காதபோது தான் குடிப்பது நியாயமில்லை என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை, தொண்டை வெந்துகொண்டிருக்கும்போது, மூன்று நாள் வாயைக் கட்டியிருக்கிறாள். எத்தனையோ கதைகள் நடத்தியிருக்கிறேன். அந்த மாதிரி ஒரு வாசகரை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. அவள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்ப்பேன். முத்துக்கள் உலர்ந்து கறுத்துக்கொண்டிருந்தன. மதினி அவளைத் தாயி என்று அழைத்தது எனக்கு அப்போது விசித்திரமாகவே தோன்றவில்லை.

தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். மூன்று தண்ணீர் ஆனபின்தான் வீட்டுச் சாமான் வெளியே போகலாம் என்றார் மதினி. கையெழுத்துப் பிரதியும் சாமான்தான். இரண்டு வாரம் தாமதமாக அனுப்பினேன்.

பதிப்பகத்தார் பிரதியைத் திருப்பி அனுப்பி, மரியாதையாகவே பதில் எழுதினார்கள். நடை நன்றாக இருக்கிறது. ஆனால் ஊற்றுத் தோண்டுவதும் தண்ணீர் குடிப்பதும் பதினாறு பக்கத்துக்கு வருகிறது, மூலத்தில் இல்லாதது, அதனால் பின்னால் வரும் முக்கியமான நிகழ்ச்சிகளுக்கு இடமில்லாமல் போகிறது, நீக்கித் தர வேண்டும். ஒரு சந்தேகமும் கேட்டிருந்தார்கள்: தீவில் கேழ்வரகு எப்படி வந்தது?

அவர்கள் சொன்னது சரி. பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாசலில் மகள் நொண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் இரண்டு வடு, மற்றபடி பழையபடி ஆகிவிட்டாள். அவள் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. 'தண்ணீர் தெளிந்தது' என்ற வரிமேல் பென்சிலை வைத்தேன். இழுக்க முடியவில்லை. பகல் வெளிச்சத்தில், படித்த ஒருத்தி, ஒரு வரியை அடிக்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாளும் உட்கார்ந்தேன். அவள் தும்மினால்கூட எழுந்து ஓடினேன்.

மதினியிடம் சொன்னேன். அவர் புளி உருட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கங்களை எடுத்தால் அவனுக்குத் தண்ணீர் இல்லாமல் போய்விடுமே என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. அவர் அதை வெட்கப்படுகிற விஷயமாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

"தாகத்தை ஆரு போட்டது?"

"நாந்தான்."

"அப்ப மொதல்ல அதை எடு. தாகமில்லாதவனுக்கு ஊத்து எதுக்கு?"

அப்படியே செய்தேன். மூன்று நாள் அலைச்சல், வெடித்த உதடு, மணலில் விழுந்தது, எல்லாவற்றையும் முதலில் எடுத்தேன். பிறகுதான் ஊற்றை எடுத்தேன். கரை ஒதுங்கிய மாலையே ஓடை ஒன்றைக் கண்டு தண்ணீர் குடித்தான் என்று மூலத்தில் இருந்தபடி ஒரு வரி போட்டேன். புத்தகம் அச்சாகி வந்தது. ஒரு வருஷம் என் வகுப்புக்கே அது துணைப்பாடமாக இருந்தது. அந்த வரியை ஒரு பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்வேன்; நான் வாசிக்க மாட்டேன். நாற்பது பிள்ளைகளும் அதைக் கடந்து குகைக்கும் ஆட்டு வேட்டைக்கும் போய்விடுவார்கள்.

மகள் இப்போது மதுரையில் கல்லூரியில் படிக்கிறாள். போன விடுமுறைக்கு வந்தவள் என் பெட்டியில் எதையோ தேடும்போது அந்தத் தாள்கள் கையில் கிடைத்தன. மஞ்சள் கறை, ஓரத்தில் ஒட்டிக் காய்ந்த வேப்பிலை. உட்கார்ந்து பதினாறு பக்கத்தையும் படித்தாள். இது புத்தகத்தில் இல்லையே என்றாள். அவளுக்கு அந்த நாட்கள் ஒன்றுமே நினைவில்லை. வேப்பிலை வாசனையும் அத்தை விசிறியதும் தவிர எதுவும் தெரியவில்லை என்றாள். சொன்னேன். முதலில் சிரித்தாள். ஏழு தடவை 'குடித்தான்' என்று இருந்த பக்கத்தை எடுத்து, மை இல்லாத கடைசிக் கீறலை விரலால் தடவிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"அத்தனை எழுதியும் நான் வாயத் தொறக்கலேன்னா, அடுத்து என்னம்மா எழுதியிருப்பே?"

கார் வரச் சொல்லியிருந்ததைச் சொன்னேன். ஆஸ்பத்திரி, ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றுவது, அப்பா, டாக்டர் எல்லோரும் இருந்ததைச் சொன்னேன். எல்லாம் உண்மை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். தாள்களை அடுக்கிக் கட்டிப் பெட்டியில் வைத்தாள்.

அவள் கேட்டது அது இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். 'குடித்தான்' என்று முதல் தடவை எழுதியபோது அவன் குடித்துவிட்டான் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அவள் குடிப்பாள் என்று தெரியாது. அதை எழுதி முடித்ததற்கும் அவள் உதடு பிரிந்ததற்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம் இருந்தது. அந்த நேரத்தில் என்னிடம் அடுத்த வரி இல்லை. இதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.